நோயுற்றவரை விசாரிக்கப் போகும்போது

"வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்கவந்தீர்கள்" என்கிறார் இயேசு (மத்தேயு 25:36). அதே வசனத்தில் காவலில் இருந்தவரைப் 'பார்க்கவந்தீர்கள்' என்று வருகிறது. நோயாளிக்கோ 'விசாரிக்க' என்ற சொல். இயேசு சொன்ன உவமையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கி வந்த நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் "நீ இவனை விசாரித்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போகிறான். தேவனைப் பற்றிப் பேதுரு எழுதும்போதும் "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால்" என்றே எழுதுகிறார் (1 பேதுரு 5:7). விசாரிப்பதென்றால் கேட்பது. பொறுப்பெடுத்துப் பார்த்துக்கொள்வதும் அதற்குள் அடங்கும். இந்த இரண்டு பொருளும் ஒரே சொல்லில் வாய்த்தது தமிழ் வாசகனுக்குக் கிடைத்த வரம். நம் சந்திப்புகள் பெரும்பாலும் கெடுவது முதல் பாதியை விட்டுவிடுவதால்தான்: கேட்காமலே போகிறோம், கேட்காமலே பழம் வாங்குகிறோம், கேட்காமலே ஜெபிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

புறப்படும் முன்

நோயாளிக்கு அல்ல, கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்குப் போன் செய்யுங்கள். நான்கு கேள்விகள் போதும். வரலாமா, எந்த நேரம் தோது? இப்போது என்ன சாப்பிடலாம், எது கூடாது? தொற்று ஏதும் உண்டா, அல்லது நம்மிடமிருந்து அவருக்குத் தொற்றிவிடும் ஆபத்து உண்டா? நான்காவதுதான் முக்கியம்: நோய் என்னவென்று அவரிடம் சொல்லியிருக்கிறார்களா? நம் குடும்பங்களில் புற்றுநோயை நோயாளியிடம் மறைத்து வைப்பது சாதாரணம். அது சரியா என்பது குடும்பமும் மருத்துவரும் பேசவேண்டிய விஷயம். ஆனால் விசாரிக்கப் போனவர் வாய்தவறி "கீமோ எப்போ ஆரம்பிக்கிறாங்க?" என்று கேட்டு அது உடைந்துவிடக் கூடாது.

அறுவைச் சிகிச்சை நாளன்று நோயாளியைப் பார்க்கப் போகவேண்டாம். தியேட்டர் வாசலில் காத்திருக்கும் மனைவி அல்லது மகனோடு போய் உட்காருங்கள். நோயாளியை மூன்றாம் நாள் பார்த்துக்கொள்ளலாம். இருவராகப் போவது நல்லது, அதற்கு மேல் வேண்டாம். பெண் நோயாளியென்றால் இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். உங்களுக்கு லேசான சளி, தொண்டைக் கரகரப்பு இருந்தாலும் போகாதீர்கள். கீமோ எடுப்பவருக்கு உங்கள் சளி ஐ.சி.யு. வரை கொண்டுபோகும் காய்ச்சலாகலாம்.

கையில் என்ன எடுத்துப் போவது

பழங்களும் இளநீரும் வாங்கிப் போவது வழக்கம். சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீரும் வாழைப்பழமும் ஆரஞ்சும் ஆபத்து. அவற்றிலுள்ள பொட்டாசியத்தை உடல் வெளியேற்ற முடியாமல் ரத்தத்தில் ஏறி இதயத்துடிப்பையே குழப்பிவிடும். அவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு வைத்திருப்பார்கள். ஜூஸும் அந்தக் கணக்கில்தான் சேரும். சர்க்கரை நோயாளிக்கு ஹார்லிக்ஸ் வேண்டாம். கீமோ எடுப்பவருக்கு நறுக்கிய பழமும் பூங்கொத்தும் வேண்டாம்.

கூட இருப்பவருக்கு எடுத்துப் போவது ஒருபோதும் வீணாகாது. சூடாக நாலு இட்லி, கெட்டிச் சட்னி, பிளாஸ்கில் காப்பி. நீளமான வயர் உள்ள போன் சார்ஜர். தரையில் விரிக்க ஒரு போர்வை. மூன்று நாளாக கேன்டீன் சாப்பாடும் நாற்காலித் தூக்கமுமாக இருப்பவருக்கு, "நான் இங்க உட்கார்ந்திருக்கேன் அக்கா, நீங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு ரெண்டு மணி நேரம் படுத்துட்டு வாங்க" என்பதைவிடப் பெரிய காணிக்கை இல்லை.

பணம் கொடுப்பதானால் நோயாளியின் கண்ணெதிரே கவரை நீட்டாதீர்கள். சமாரியன் கொடுத்த இரண்டு பணம் அந்நாளில் ஒரு கூலியாளின் இரண்டு நாள் சம்பளம். அதைக் கொடுத்தது சத்திரக்காரனிடம். மீதிச் செலவையும் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிப்போனான். அதே வழியில், மருந்துக்கடைச் சீட்டை வாங்கிப்போய் நீங்களே பணம் கட்டிவிடலாம். ரத்தம் தேவைப்பட்டால் சபை வாலிபரிடம் கேளுங்கள்: வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5, கடைசியாகக் கொடுத்து ஆண்களுக்கு 3 மாதமும் பெண்களுக்கு 4 மாதமும் ஆகியிருக்க வேண்டும்.

படுக்கையருகே

சோப்புப் போட்டுக் கையை 20 விநாடி கழுவுங்கள். போனை அணைத்து வையுங்கள். கட்டிலில் உட்காராதீர்கள், மெத்தை அசைந்தாலே தையல் வலிக்கும். கால்மாட்டில் நின்றால் அவர் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். ஸ்டூலை இழுத்து, அவர் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். கையைப் பிடிப்பதானால் டிரிப்ஸ் ஏறாத கையை, அதுவும் அவர் விருப்பம் தெரிந்தபின். குஷ்டரோகியைச் சொல்லால் மட்டுமே குணமாக்கியிருக்கலாம். இயேசு கையை நீட்டித் தொட்டார் (மாற்கு 1:41). பல நாளாக ஊசிபோடவும் ரத்தம் எடுக்கவுமே தொடப்பட்ட கைக்கு, சும்மா பிடித்திருக்கும் ஒரு கை எவ்வளவோ ஆறுதல்.

குருடனான பர்திமேயுவிடம் "நான் உனக்கு என்னசெய்யவேண்டும் என்றிருக்கிறாய்?" என்று இயேசு கேட்டார் (மாற்கு 10:51). அவன் தேவை ஊருக்கே தெரியும், ஆனாலும் கேட்டார். நீங்களும் கேளுங்கள்: "இன்னைக்கு எப்படிண்ணே இருக்கு? எதுக்காக ஜெபிக்கணும்?" கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பத்து விநாடி மௌனம் நமக்குத்தான் நீளம். பதில் பெரும்பாலும் அதன்பிறகே வரும். அது நீங்கள் நினைத்த பதிலாக இருக்காது. மூட்டு வலிக்காகப் போனால் மகளின் கல்யாணக் கடனைச் சொல்வார். "ஜெபம் வேண்டாம், சும்மா இருங்க" என்றும் சொல்லலாம். அப்போது சும்மா இருங்கள்.

மருத்துவமனையில் மொத்தம் பத்து நிமிடம், வீட்டில் பதினைந்து. அவர் கண்ணை மூடினாலோ பதில்கள் ஒற்றைச் சொல்லானாலோ எழுந்துவிடுங்கள்.

வேதம் வாசிப்பதானால் ஒரே ஒரு பகுதி. சங்கீதம் 23-இல் 6 வசனம், 121-இல் 8 வசனம். மெதுவாக வாசித்தாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடியும். மனமுடைந்திருப்பவருக்கு 13ஆம் சங்கீதத்தை வாசிக்கத் தயங்காதீர்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று அது தொடங்குகிறது. அப்படியும் தேவனிடம் பேசலாம் என்பதே சிலருக்குப் புதுச் செய்தி.

ஜெபம்

ஒரு நிமிடம் போதும், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில். வார்டில் சத்தமிட்டு ஜெபிப்பது சாட்சியாகாது. வலியோடு தூங்கப்போராடும் இன்னொருவரை எழுப்பிவிடும். அவர் பெயர், அவரே சொன்ன தேவை, கூட இருப்பவர் பெயர், மருத்துவர்களும் செவிலியர்களும் என்று போகட்டும். இப்படி:

"பரம தகப்பனே, இந்த ராஜம்மாள் அம்மாவை உம்முடைய கையில் கொடுக்கிறோம். ராத்திரியில் வரும் மூச்சுத்திணறலுக்குப் பயப்படுகிறார்கள். இன்று ராத்திரி நீர் பக்கத்தில் இருப்பதை அவர்கள் உணரட்டும். தூங்காமல் கிடக்கிற மகளுக்குப் பெலன் தாரும். மருந்து கொடுக்கிற கைகளை ஆசீர்வதியும். சுகம் தாரும் ஆண்டவரே. உம்முடைய சித்தம் ஆகட்டும். இயேசுவின் நாமத்தில், ஆமென்."

"நாளைக்கே எழுந்து நடப்பீர்கள்" என்று ஜெபத்துக்குள் வாக்குக் கொடுக்காதீர்கள். தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாகவே மிலேத்துவில் விட்டுவந்ததாகப் பவுல் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). அப்போஸ்தலன் கூட இருந்தும் எல்லாரும் எழுந்து நடக்கவில்லை.

யாக்கோபு 5:14-இன்படி எண்ணெய் பூசி ஜெபிக்கச் சபை மூப்பர்களை வரவழைப்பவர் நோயாளிதான். அவர் அழைக்காமல் பாட்டிலோடு போகவேண்டாம். ஆக்ஸிஜன் குழாய் போட்டிருப்பவருக்கு முகத்தில் எண்ணெய் பூசக் கூடாது, பக்கத்தில் மெழுகுவர்த்தியும் ஏற்றக் கூடாது. ஆக்ஸிஜனில் தீ சட்டென்று பற்றும். புறங்கையில் ஒரு துளி போதும். கத்தோலிக்கரென்றால் நோயில்பூசுதல் குருவானவர் மட்டுமே தரும் அருளடையாளம். பங்குத்தந்தைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

நாவு செய்யும் கேடு

யோபுவின் நண்பர்கள் மூவரும் நல்லவர்களாகத்தான் வந்தார்கள். இரவுபகல் ஏழுநாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அதுவரை குறையே இல்லை. வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டது. "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று யோபுவே சொல்லிவிட்டான். கடைசியில் தேவனும் அவர்கள்மேல் கோபங்கொண்டார்.

"என்ன பாவம் செஞ்சாரோ" என்பதற்குப் பதில், பிறவிக் குருடன் ஒருவனைப் பற்றி இயேசு சொன்ன யோவான் 9:3-இல் இருக்கிறது: அது அவன் செய்த பாவமுமல்ல, பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல. "விசுவாசம் பத்தல" என்பது படுத்திருப்பவர்மேல் இன்னொரு சுமை. "எங்க சித்தப்பாவுக்கும் இதேதான், ஆறே மாசம்" என்பதற்கு விளக்கம் தேவையில்லை. "எல்லாம் நன்மைக்கே" என்று ரோமர் 8:28-ஐ நினைத்துச் சொல்லுகிறார்கள். அதே நிருபத்தின் 12:15, அழுகிறவர்களோடு அழச் சொல்கிறது. படுக்கையருகே முதலில் அதைச் செய்யுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய கேடு, "கர்த்தர் பார்த்துக்குவார், மாத்திரையை நிறுத்துங்க" என்பது. இன்சுலினை நிறுத்தினால் சிலருக்குச் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு அடுக்கடுக்காக வரும். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும். சாகும் வியாதியில் கிடந்த எசேக்கியா ராஜாவுக்குத் தேவன் 15 ஆண்டு ஆயுளைக் கூட்டிக்கொடுத்தார். அந்த வாக்கோடு கூடவே ஏசாயா பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னான் (2 இராஜாக்கள் 20). வாக்குத்தத்தமும் பற்றும் ஒரே தீர்க்கதரிசியின் வாயிலிருந்தே வந்தன. அமெரிக்கப் பெண் மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது இன்று பெரிய மருத்துவமனையாக நிற்கிறது; ஜெபமும் மருந்தும் அங்கே ஒன்றுக்கொன்று பகையாக இருந்ததில்லை.

நோயின் பெயரை ஞாயிறு ஆராதனையில் ஜெபக்குறிப்பாக வாசிப்பதற்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கும் முன் அவரிடம் அனுமதி கேளுங்கள். "நம்ம சபைக் குடும்பத்தில் ஒருவருக்காக" என்றாலே தேவன் அறிவார். எச்.ஐ.வி. உள்ளவரின் நிலையைச் சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது. படுக்கையில் இருப்பவரைப் புகைப்படம் எடுக்கவே வேண்டாம். நோயாளி வேறு மதத்தவரானால் பணிவிடை மட்டும் செய்யுங்கள். ஜெபிக்கலாமா என்று ஒருமுறை கேட்கலாம், வேண்டாமென்றால் பேச்சை அதோடு விட்டுவிடுங்கள். எழுந்துபோக முடியாதவரிடம் பிரசங்கம் செய்வது அன்பாகாது.

மூன்றாம் வாரம்

முதல் வாரம் வீடு நிறைய ஆட்கள். மூன்றாம் வாரம் யாருமில்லை. பக்கவாதமும் டயாலிசிஸும் மாதக்கணக்கு, வருடக்கணக்கு. சபையில் ஒரு நோட்டு வையுங்கள்: பெயர், போன், யார் எப்போது போனது, என்ன கேட்டார்கள், அடுத்து யார். டயாலிசிஸ் என்றால் வாரம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம்போல. ஆறு பேர் முறைவைத்து ஆளுக்கொரு தடவை கூடப் போனால், வீட்டிலுள்ளவர் வேலையை விடாமல் தப்பிப்பார். ஆதித் திருச்சபை பந்தி விசாரிக்க ஏழு பேரைப் பெயர் சொல்லி நியமித்தது (அப்போஸ்தலர் 6). "எல்லாரும் பார்த்துக்குவோம்" என்று விட்டால் யாரும் போகமாட்டார்கள். எழுந்து வரமுடியாதவருக்குத் திருவிருந்தை வீட்டுக்குக் கொண்டுவரும்படி ஐயரிடம் அல்லது போதகரிடம் மாதமொருமுறை நினைவுபடுத்துவதும் அந்த நோட்டில் ஏறட்டும்.

இறந்துகிடந்த யவீருவின் மகளை எழுப்பியதும் இயேசு சொன்னது அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கும்படி (மாற்கு 5:43). டிஸ்சார்ஜ் ஆகி வீடு திரும்பும் நாளில் மதியச் சாப்பாடு அங்கே தயாராக இருக்கட்டும்.

சுகமாகாமல் கடைசி நாட்களாகிவிட்டால், நினைவில்லாதவர் முன்னாலும் சொத்து, சடங்கு, செலவு எதையும் பேசாதீர்கள், காது கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். அவர் சின்ன வயதிலிருந்து பாடிய கீர்த்தனை எதுவென்று வீட்டாரிடம் கேட்டு அதைத் தாழ்ந்த குரலில் பாடுங்கள். உதடு காய்ந்திருந்தால் நனைத்த பஞ்சால் ஈரப்படுத்துங்கள். வாயில் தண்ணீர் ஊற்றினால் புரையேறும். இறந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்யவேண்டும். அந்த அலுவலகத்துக்கு வீட்டாரோடு ஒருவர் போகட்டும். வாடகைக்கு எடுத்த கட்டிலையும் ஆக்ஸிஜன் சிலிண்டரையும் இன்னொருவர் திருப்பிக் கொடுத்துவரட்டும். நோட்டில் அந்தப் பெயரை அடித்துவிட்டு, அதற்குக் கீழே மனைவியின் பெயரை எழுதுங்கள்.