நீச்சல் வீராங்கனையின் சாதனையை நேரங்களைக் கொண்டு மதிப்பிடுவது எப்படி?

ஒரு நீச்சல் வீராங்கனையின் தரத்தை எடைபோட விரும்புபவர் பதக்கப் பட்டியலோடு நின்றுவிடக் கூடாது. பதக்கத்தின் நிறம் அன்றைய தினம் உடன் நீந்தியவர்களையும் பொறுத்தது என்பதால், பந்தய நேரங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழு விவரம் கிடைக்கும். இதைப் பழகிக்கொள்ள பிரிட்டனின் ஃப்ரீஸ்டைல் வீராங்கனை ரெபெக்கா அட்லிங்டன் நல்ல எடுத்துக்காட்டு.

முதலில் ஒவ்வொரு தூரத்துக்கும் தனித்தனி அட்டவணை போட்டு, ஆண்டு, போட்டி, நேரம், இடம் ஆகியவற்றைக் கால வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். 50 மீட்டர் குளத்தின் நேரங்களோடு 25 மீட்டர் குளத்தின் நேரங்களைக் கலக்க வேண்டாம். சிறிய குளத்தில் சுவரை உதைத்துத் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதால் அங்கே நேரம் குறைவாகவே வரும்.

அட்லிங்டனின் 400 மீட்டர் அட்டவணையைப் பாருங்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 4 நிமிடம் 3.22 விநாடியில் தங்கம். 2009 ரோம் உலகச் சாம்பியன்ஷிப்பில் 4 நிமிடம் 0.79 விநாடியில் வெண்கலம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 4 நிமிடம் 3.01 விநாடியில் மீண்டும் வெண்கலம். அவருக்குத் தங்கம் தந்த பந்தயமே இம்மூன்றிலும் மெதுவானது! லண்டனில் அவர் சறுக்கிவிட்டார் என்று சொல்பவர்கள் இந்த மூன்று வரிகளையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்து, அந்தந்த ஆண்டின் நீச்சல் உடை விதிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். மிதவைத்திறனைக் கூட்டிய பாலியூரிதேன் உடைகள் உச்சத்தில் இருந்த ஆண்டு 2009. ரோமில் உலக சாதனைகள் குவிந்ததற்கு அதுவே முக்கியக் காரணம். 2010 தொடக்கத்தில் அவை தடை செய்யப்பட்டன. ஆகவே 2009-இன் நேரத்தையும் 2012-இன் நேரத்தையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு, அவர் வேகம் இழந்துவிட்டார் என்று தீர்ப்பு எழுதுவது முறையன்று.

பிறகு வெற்றியின் இடைவெளியைக் கணக்கிடுங்கள். பெய்ஜிங் 400 மீட்டரில், குளத்தின் கடைசி நீளத்தில் முன்னேறிய அட்லிங்டன் அமெரிக்காவின் கேட்டி ஹாஃபை முந்தியது வெறும் 0.07 விநாடியில்தான். அதே ஒலிம்பிக்கின் 800 மீட்டரிலோ, இரண்டாவதாக வந்த இத்தாலியின் அலெசியா ஃபிலிப்பியை அவர் ஆறு விநாடிக்கும் மேல் பின்தள்ளினார். இரண்டும் தங்கம் என்றாலும், அவருடைய உண்மையான களம் நெடுந்தூரமே என்பதை இந்த இடைவெளிதான் காட்டிக்கொடுக்கிறது. அக்காலத்தில் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 1500 மீட்டர் பந்தயம் இல்லை. அது 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் சேர்க்கப்பட்டது. ஆகவே, குளத்தில் அவர் நீந்தக்கூடிய மிக நீண்ட ஒலிம்பிக் பந்தயம் 800 மீட்டர்தான் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இறுதியாக, சாதனை எவ்வளவு காலம் நிலைத்தது என்று பாருங்கள். பெய்ஜிங்கில் 800 மீட்டரை 8 நிமிடம் 14.10 விநாடியில் நீந்தியபோது, அமெரிக்காவின் ஜேனட் எவான்ஸ் 1989-இல் படைத்திருந்த 8 நிமிடம் 16.22 விநாடி என்ற உலக சாதனையை அட்லிங்டன் முறியடித்தார். அவர் பிறந்ததும் அதே 1989-இல்தான். பாலியூரிதேன் உடைகளின் 2009-ஐயும் லண்டனில் அமெரிக்காவின் கேட்டி லெடெக்கியின் 8 நிமிடம் 14.63 விநாடியையும் தாங்கி நின்ற அந்த நேரத்தை, 2013 பார்சிலோனா உலகச் சாம்பியன்ஷிப்பில் லெடெக்கி 0.24 விநாடி வித்தியாசத்தில் கடந்தார். அட்லிங்டன் ஓய்வை அறிவித்து அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன.