கணவர் மீது பொய்யான குடும்ப வன்முறைப் புகார் வந்தால்

ஓரகத்தி வீட்டுத் தகராறு. புகாரில் உங்கள் கணவர் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். முதலில் கைக்கு வந்த காகிதம் எது என்று பாருங்கள். செய்ய வேண்டியது அதைப் பொறுத்து மாறும்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டால் சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான பதிவு) போட்டிருக்கிறார்களா, எஃப்.ஐ.ஆரா (வழக்குப் பதிவு) என்று கேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞரோடு போகட்டும். சமாதானம் என்று எழுதி வாங்கும் தாளில் "இனிமேல் இப்படி நடந்துகொள்ள மாட்டேன்" என்று ஒரு வரி இருந்தால் கையெழுத்து வேண்டாம். முன்பு நடந்ததை ஒப்புக்கொண்டதாகவே அதைப் பிறகு காட்டுவார்கள்.

எஃப்.ஐ.ஆர். என்றால் பெரும்பாலும் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 85, அதாவது கணவரோ அவர் உறவினரோ மனைவியைக் கொடுமைப்படுத்துவதற்கான பழைய இ.பி.கோ. 498ஏ. 3 ஆண்டு வரை சிறை, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத பிரிவு, நீதிமன்றம் நினைத்தால்தான் கிடைக்கும். உடனே முன்ஜாமீன் பற்றிப் பேசுங்கள். எடுத்த எடுப்பில் கைது கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் போலீஸ் நோட்டீஸுக்குப் போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும்.

2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு மனு என்றால் அதற்காக மட்டும் கைது கிடையாது. முதல் வாய்தாவைத் தவறவிட்டால் எக்ஸ்பார்ட்டி உத்தரவு, அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலே ஒரு உத்தரவு வரலாம்.

இனி உங்கள் வேலை. ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: மனு சொல்லும் தேதி, அன்று அவர் இருந்த இடம், அதற்கான காகிதம். வாடகை ஒப்பந்தம், ஈ.பி. பில், கேஸ் ரசீது, அலுவலக வருகைப் பதிவு, ஃபாஸ்டேக் கணக்கு எல்லாம் உதவும். சிசிடிவி பதிவு சில வாரங்களிலேயே அழிந்துவிடலாம். அடுக்குமாடிச் சங்கத்துக்கு இன்றே எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப்புக்கு ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. புதிய சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷிய அதினியம்) 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும், அதில் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) இருக்க வேண்டும். அந்த போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள்.

எப்போதோ சில மாதம் அந்த வீட்டில் சேர்ந்து இருந்திருந்தால் மறைக்க விடாதீர்கள். முன்பு ஒன்றாக வாழ்ந்திருந்தாலும் சட்டம் பொருந்தும். மறைத்தது வெளிப்பட்டால் மற்ற உண்மைகளும் எடுபடாது. பக்கத்து வீட்டார் பார்த்ததைச் சொல்லட்டும், நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

உண்மையிலேயே அடிபடும் பெண்களுக்காக வந்த சட்டம் இது. ஆகவே பதில் மனுவில் ஓரகத்தியின் நடத்தையைப் பழித்து எழுத வேண்டாம். சரியான ஒரு தேதி அதைவிடப் பலமாகப் பேசும்.

2005 சட்டத்தின் கீழ் வந்த பாதுகாப்பு உத்தரவு தொடர்பு கொள்ளக்கூடாது என்றால் மெசேஜும் கூடாது, அவருக்காக நீங்கள் போன் செய்வதும் கூடாது. மீறினால் 1 ஆண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வழக்கைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள்.

சி.என்.ஆர். எண்ணை (நீதிமன்றம் வழக்குக்குத் தரும் தனி எண்) இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டு அடுத்த வாய்தாவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உத்தரவு எதிராக வந்தால் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். சான்றிட்ட நகலுக்கு அன்றே மனு போடுங்கள்.