பறவை நோக்கும் மறைவுக்கூடாரத்துக்குக் காப்புரிமை கோருவது எப்படி?

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் நீர்ப்பறவைகளைப் படமெடுக்க மறைவுக்கூடாரம் ஒன்றை வடிவமைத்திருப்பவர், அதன் புதுமை தோற்றத்தில் உள்ளதா, செயல்பாட்டில் உள்ளதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். கண்ணுக்குப் புலப்படும் உருவமும் கோலமும் 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவுக்குரியவை. பாதுகாப்பு 10 ஆண்டுகள், மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். நீர்மட்டத்தோடு உயர்ந்து தாழும் மிதவைத்தளம் போன்ற இயக்க அமைப்புக்கோ 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டமே வழி.

பலரும் இடறுவது இங்கேதான். அறிந்த மிதவையையும் அறிந்த கூடாரத்தையும் அருகருகே பொருத்தி, அவை தத்தம் பழைய வேலையையே தனித்தனியே செய்யுமானால், அச்சட்டத்தின் 3(எஃப்) பிரிவு அதைக் கண்டுபிடிப்பாக ஏற்காது. இரண்டும் இணைந்து புதியதொரு பயனைத் தருவதை விண்ணப்பத்தில் விளக்கியாக வேண்டும். நம் நாட்டில் வனவிலங்குச் சட்டம் பறவை வேட்டையைத் தடுக்கிறது என்றாலும், அமெரிக்க வாத்து வேட்டை மறைவிடங்களைப் பற்றி முன்பே வெளியான ஆவணங்கள் இங்கும் புதுமையை முறிக்கும் என்பதால், காப்புரிமை ஆவணங்களைத் துறைவாரியாகப் பிரிக்கும் பன்னாட்டு வகைப்பாட்டில், வேட்டைக் கருவிகளுக்குரிய ஏ01எம் 31 பிரிவில் பொறுமையாகத் தேடுங்கள். இத்தேடலுக்குச் செலவிடும் நாள்கள் ஒருபோதும் வீணல்ல.

விண்ணப்பிக்கும் முன் கூடாரத்தின் படங்களை எங்கும் வெளியிட வேண்டாம். கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில் தற்காலிக விவரக்குறிப்பை (கண்டுபிடிப்பின் தொடக்க விளக்கத்தை) தாக்கல் செய்து, 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பை அளிக்கலாம்.