ஷாம்பெயின் நிலவறைகளைப் பார்க்கத் தனி காரில் ஒரு நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிஸுக்கு வருகிற சொந்தக்காரர்களை ஐஃபெல் கோபுரம், லூவ்ர் என்று கூட்டிக்கொண்டு போய் முடித்ததும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "இந்த ஷாம்பெயின் செய்கிற இடம் பக்கத்தில்தானே, ஒரு நாள் போய் வரலாமா?" தாராளமாகப் போய் வரலாம். ஷாம்பெயின் நிறுவனங்கள் பல இருக்கிற ரேன்ஸ் நகரம் பாரிஸிலிருந்து சுமார் 145 கிலோமீட்டர், ஏ4 நெடுஞ்சாலை நேராகக் கொண்டுபோய் விட்டுவிடும். காலையில் ஹோட்டல் வாசலிலேயே காரில் ஏறி, இரண்டு மூன்று நிலவறைகளைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பலாம் என்று பல நூறு யூரோ கொடுத்துத் தனிப் பயணம் பதிவு செய்கிறவர்கள் நிறையப் பேர். அதில் பாதிப் பேராவது அந்தப் பணத்துக்கு உரிய நாளை அனுபவிக்காமல் திரும்புகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

முதல் தவறு, 'தனி' என்ற சொல்லைத் தப்பாகப் புரிந்துகொள்வது. தனி என்பது கார் மட்டும்தான். மொவெட் ஷாண்டோன், வெவ் கிளிக்கோ, டெத்தான்ஜே மாதிரி பெரிய ஷாம்பெயின் நிறுவனங்களில் உள்ளே கூட்டிப்போவது அவர்களுடைய சொந்த வழிகாட்டி, அவர்கள் குறித்த நேரம், அவர்கள் சேர்க்கிற குழு. உங்களைக் கூட்டிவந்தவர் பெரும்பாலும் வெளியே காரில் காத்திருப்பார், நீங்கள் முன்பின் தெரியாத பத்து இருபது பேரோடு சேர்ந்து படியிறங்குவீர்கள். அதில் குறை ஒன்றும் இல்லை, அந்த வழிகாட்டிகள் நன்றாகவே சொல்வார்கள். ஆனால் ரேன்ஸுக்குள் இரண்டு பெரிய நிலவறைகளை மட்டும் பார்ப்பதுதான் திட்டம் என்றால் தனி கார் எதற்கு? பாரிஸின் 'கார் த லெஸ்த்' ரயில் நிலையத்திலிருந்து தெஜெவே என்கிற அதிவேக ரயிலில் 45 நிமிடம், இறங்கினால் கதீட்ரலுக்குப் பொடிநடை, நிலவறைகளுக்கு டாக்ஸி. ஷாம்பெயினுக்குப் பேர்போன இன்னொரு ஊரான எபெர்னேக்கும் அதே நிலையத்திலிருந்து ரயில் இருக்கிறது, ஒன்றேகால் மணி நேரம் ஆகும், மொவெட் இருக்கிற ஷாம்பெயின் அவென்யூ நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். (ரயிலில் போகிறவர்கள் பயணச்சீட்டில் 'ஷாம்பாஞ் ஆர்தென்' நிலையமா, 'ரேன்ஸ்' நிலையமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதலாவது ஊருக்கு வெளியே இருக்கிறது, அங்கிருந்து டிராம் பிடித்து வர வேண்டும்.)

தனி காருக்குக் கொடுக்கிற காசு எங்கே செரிக்கிறது என்றால் கிராமங்களில். ரேன்ஸுக்கும் எபெர்னேக்கும் நடுவில் காடு மூடிய ஒரு மேடு இருக்கிறது, அதன் சரிவு முழுக்கத் திராட்சை. வெர்ஸனே, புஸி, ஆயி, ஓவிலேர் என்று சின்னச் சின்ன ஊர்கள். வெர்ஸனேயில் கடலே இல்லாத இடத்தில், கொடிகளுக்கு நடுவில் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கும். 1909ல் ஒரு ஷாம்பெயின் வியாபாரி விளம்பரத்துக்காகக் கட்டியது, இப்போது திராட்சை அருங்காட்சியகம். ஓவிலேர் தேவாலயத்தில்தான் தொம் பெரிஞோன் அடக்கமாகியிருக்கிறார். 1668 முதல் 1715ல் இறக்கும்வரை அந்த மடத்தின் களஞ்சியத்தையும் மது அறையையும் பார்த்துக்கொண்ட துறவி. ஷாம்பெயினைக் கண்டுபிடித்தவர் இவர்தான் என்பது பின்னால் வளர்ந்த கதை, நுரை அந்தக் காலத்தில் குறையாகவே பார்க்கப்பட்டது. அந்த ஊர் மேட்டில் நின்று மார்ன் ஆறு வளைந்து போவதைப் பார்த்தால் ஏன் 2015ல் யுனெஸ்கோ இந்தச் சரிவுகளையும் நிலவறைகளையும் சேர்த்தே பாரம்பரியப் பட்டியலில் எடுத்துக்கொண்டது என்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இங்கேயெல்லாம் ரயிலை நம்பி வர முடியாது, கார் வேண்டும்.

அதனால் ஒரு பெரிய பெயர், ஒரு சின்ன விவசாயி. என்னைக் கேட்டால் இதுதான் சரியான நாள். பெரிய பெயர்களை மட்டுமே வரிசையாகப் பார்க்கிறவர்கள் இரண்டாவது நிலவறையிலேயே சலித்துப்போகிறார்கள், ஏனென்றால் மூன்று இடத்திலும் சொல்கிற கதை ஒன்றுதான். மூன்று திராட்சை வகை, புட்டியிலேயே இரண்டாவது முறை நொதிப்பது, குறைந்தது 15 மாதம் காத்திருப்பது.

சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் தானே ஷாம்பெயின் செய்து விற்கிற குடும்பத்திடம் போனால் அதே கதை வேறு மாதிரி வரும். நாங்கள் போன ஒரு வீட்டில் அந்த அம்மா எங்களை நிலவறையில் ஒரு பலகைக்கு முன்னால் நிறுத்தினார். கூடாரம் மாதிரி சாய்ந்த இரட்டைப் பலகை, துளைகளில் புட்டிகள் கழுத்தைச் செருகிக்கொண்டு தலைகீழாக. ஒரு புட்டியை எடுத்துப் பின்னால் கைவிளக்கைப் பிடித்தார். கீழே கழுத்தில் மண்டி படிந்திருக்கிறது, லேசாக அசைத்ததும் அது புகை மாதிரி எழும்பிச் சுழன்றது. தினமும் எட்டில் ஒரு பங்கு திருப்பித் திருப்பி இந்த மண்டியை மூடிக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும் என்றார். அப்புறம் வெளியே முற்றத்துக்குக் கூட்டிவந்து புட்டியைச் சாய்த்துப் பிடித்து, மூடியை நெம்பிவிட்டு சட்டென்று நிமிர்த்தினார். படார் என்று மண்டி மட்டும் தெறித்து விழுந்தது, அவர் கட்டைவிரல் அதற்குள் வாயை மூடிவிட்டது. உள்ளே இருக்கிற அழுத்தம் கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இப்போது பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் இயந்திரம்தான், ஆனால் கையால் செய்வதை இரண்டடி தூரத்தில் நின்று பார்த்த பிறகு என் பெரியம்மா, வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடிக்காதவர், அந்த நாளைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது, விளம்பரத்தில் இருக்கிற பெயரை முன்பதிவு என்று நினைப்பது. இதில் எங்கள் வீட்டிலேயே ஏமாந்திருக்கிறோம். என் சித்தி மகன் குடும்பம் ஒரு தனிப் பயணம் எடுத்தது, விளம்பரத்தில் மூன்று புகழ்பெற்ற பெயர்கள். போன பிறகுதான் தெரிந்தது, ஒன்றில் மட்டும்தான் உள்ளே போவதற்குச் சீட்டு வாங்கியிருந்தார்கள், மற்ற இரண்டும் வாசலில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்வதற்கு. விளம்பரத்தைத் திரும்பப் படித்துப் பார்த்தால் 'பார்க்கலாம்' என்றுதான் எழுதியிருக்கிறது, 'உள்ளே' என்று எங்கும் இல்லை. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: எந்த நிலவறை, எத்தனை மணிக்கு, எந்த மொழியில், நுழைவுக் கட்டணமும் சுவைக்கிற கோப்பைகளும் சேர்த்தா, மதியச் சாப்பாடு யார் செலவு, வருகிறவர் வெறும் ஓட்டுநரா, இல்லை விஷயம் தெரிந்த வழிகாட்டியா. நல்லவர்கள் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார்கள், முன்பதிவு உறுதிச் சீட்டையே அனுப்பிவிடுவார்கள். இணையத்தில் பழைய பயணக் கட்டுரையைப் படித்துவிட்டு நம்பிப் போவதும் வேண்டாம், புதுப்பிக்கிற வேலைக்காக நிலவறைகளை மாதக்கணக்கில் மூடிவைப்பது உண்டு. அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே பாருங்கள்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கோட்டை விடுகிறார்கள். ஜனவரியில் பல இடங்கள் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சின்ன விவசாயிகள் பெரும்பாலும் யாரையும் பார்ப்பதில்லை. அறுவடைக் காலம், அதாவது ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முடிய, பார்க்க அழகாக இருக்கும் என்று ஆசைப்பட்டுப் போவார்கள், ஆனால் அந்தச் சில வாரம்தான் அந்தக் குடும்பங்களுக்கு வருஷத்துச் சோறு, உங்களுக்குச் சுற்றிக்காட்ட ஆள் இருக்காது. பன்னிரண்டு மணிக்கு அடைத்தால் இரண்டு மணிக்குத்தான் பல கதவுகள் திறக்கும், அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கு என்றே ஒதுக்கிவிடுங்கள். அதுவும் மேசையை முன்கூட்டியே சொல்லிவைத்து.

நான்கு இடம் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. பாரிஸிலிருந்து போக வர எப்படியும் மூன்றரை மணி நேரம், வெள்ளிக்கிழமை மாலை என்றால் இன்னும் கூட. ஒரு நிலவறைக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை மணி. ரேன்ஸிலிருந்து எபெர்னே அரைமணி. சாப்பாடு, பிரான்ஸில், ஒன்றரை மணிக்குக் குறையாது. இரண்டு இடம் நிம்மதி, மூன்று இடம் ஓட்டம், நான்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டிஸ்னிலாண்டும் அதே ஏ4 சாலையில்தான் இருக்கிறது என்பதற்காக இரண்டையும் ஒரே நாளில் முடிச்சுப் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பாவம் அந்தக் குழந்தைகள். இன்னொன்று, குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் பிந்தினால் குழு இறங்கிவிடும், உங்களுக்காகத் திரும்பி வராது.

ரேன்ஸா எபெர்னேயா என்பதைப் பெயரை வைத்து முடிவு செய்யாமல் நிலத்தை வைத்து முடிவு செய்யலாம். எபெர்னேயில் நீங்கள் பார்ப்பது மதுவுக்காகவே தோண்டிய நீள நீளமான சுரங்கப் பாதைகள், மொவெட்டுடையது மட்டும் 28 கிலோமீட்டர். ரேன்ஸில் பொம்மெரி, டெத்தான்ஜே, ருய்னார், வெவ் கிளிக்கோ பக்கம் இருப்பது க்ரேயேர் என்கிற பழைய கல்குழிகள். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஊரைக் கட்டுவதற்காக வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையை வெட்டி எடுத்த இடம், மேலே வாய் சின்னதாக, கீழே போகப்போகக் கூம்பு மாதிரி விரியும். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் எங்கோ உச்சியில் ஒரு சின்னச் சதுரமாக வெளிச்சம். சுவரைத் தொட்டால் ஈரம், விரலில் சாக்குக்கட்டி மாதிரி வெள்ளை ஒட்டும். முதல் உலகப் போரில் ரேன்ஸ் மீது குண்டு விழுந்துகொண்டிருந்தபோது ஊர்ச்சனம் இந்த நிலவறைகளில்தான் குடியிருந்தது, பள்ளிக்கூடம்கூட கீழேயே நடந்தது. ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் நான் க்ரேயேருக்குத்தான் அனுப்புவேன். ரேன்ஸ் வரை போய்விட்டு கதீட்ரலைப் பார்க்காமல் திரும்புவதும் தவறுதான். பிரெஞ்சு அரசர்கள் முடிசூடிய இடம், ஓவியர் ஷகால் செய்த நீலக் கண்ணாடி ஜன்னல்கள், வாசலில் சிரிக்கிற தேவதை. அரைமணி ஒதுக்கினால் போதும்.

கீழே குளிரும். வெளியே ஜூலை வெயில் கொளுத்தினாலும் நிலவறையில் 10, 12 டிகிரிதான், ஈரக் குளிர். மெல்லிய பட்டுப் புடவையோடும் செருப்போடும் இறங்கி நடுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒரு ஸ்வெட்டரும் வழுக்காத மூடிய காலணியும் கட்டாயம். அதைவிட முக்கியம் படிகள். பொம்மெரியில் 116 படி, இறங்குவது சுகம், அதே படியில்தான் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ள அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்கள் லிஃப்ட் உண்டா என்று முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள், வாசலில் போய்க் கேட்காதீர்கள்.

சரி, குடிப்பது. காலை பத்தரை மணிக்கு முதல் கோப்பை வரும். வெறும் வயிற்றில் போகாதீர்கள், நுரை இருக்கிற மது சட்டென்று ஏறும். ஊற்றியதை எல்லாம் குடித்து முடிக்க வேண்டும் என்று மரியாதைக்காக நினைக்கிறோம், தேவையே இல்லை. துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள், தொழிலில் இருப்பவர்களே துப்புவார்கள். குடிக்காதவர்கள் கூட வந்தால் தயங்காமல் முதலிலேயே சொல்லுங்கள், அவர்களைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். குழந்தைகளுக்கு வயது வரம்பு இடத்துக்கு இடம் மாறும், மது 18 வயதுக்கு மேல்தான். சைவம் என்றால் சாப்பாட்டுக் கடைக்கு முந்தின நாளே சொல்ல வேண்டும். ஷாம்பெயினோடு தருகிற ரேன்ஸ் இளஞ்சிவப்பு பிஸ்கட்டில் முட்டை இருக்கிறது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். காசை மிச்சம் பிடிக்க வாடகைக் காரைத் தானே ஓட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பிரான்ஸில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் எல்லை, புதிதாக உரிமம் எடுத்தவருக்கு 0.2. இரண்டு இடத்தில் சுவைத்தாலே தாண்டிவிடும்.

வாங்குகிற இடத்தில் நம் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுவது 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்ற பெயரில். ரொம்பப் புளிப்பாக இருக்கும் என்று ஒதுக்குவார்கள், உண்மையில் அது 'ப்ரூத்' என்கிற வழக்கமான வகையைவிட இனிப்பு. ப்ரூத்தில் லிட்டருக்கு 12 கிராமுக்குள் சர்க்கரை, எக்ஸ்ட்ரா ட்ரையில் 12 முதல் 17. இனிப்புப் பிடித்தவர் 'தெமி செக்' கேட்டு வாங்கினால் 32 முதல் 50 கிராம்வரை இருக்கும், நம் வீட்டுக் கேசரிக்கும் பாதுஷாவுக்கும் அதுதான் பொருந்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எல்லாருமே அப்படி இனிப்பாகத்தான் குடித்தார்கள், திருமதி பொம்மெரி 1874ல் ப்ரூத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் ருசி மாறியது.

பெரிய பெயர் புட்டியை நிலவறைக் கடையில் வாங்குவதால் விலை குறையாது, பாரிஸ் சூப்பர்மார்க்கெட்டில் சில சமயம் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். வாங்குவதானால் அந்தச் சின்ன விவசாயியிடம் வாங்குங்கள், அது வேறெங்கும் எளிதில் கிடைக்காது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கிறவர் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரியைத் திரும்பப் பெறலாம், கடைக்காரருக்கு அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். இந்தியாவுக்கு ஒருவர் வரியில்லாமல் கொண்டுபோகக்கூடியது 2 லிட்டர், அதாவது சாதாரண அளவில் இரண்டு புட்டி, மூன்றாவது எடுத்தால் கணக்குத் தாண்டும். புட்டிகளைத் துணியில் சுற்றிப் பெரிய பெட்டியின் நடுவில் வையுங்கள். கைப்பையில் வைத்துப் பாதுகாப்புச் சோதனைக்குப் போனால் அங்கேயே எடுத்துப் போட்டுவிடுவார்கள்.