கேழ்வரகு ஊரிலிருந்து நெல் ஊருக்கு வந்தால்

நான் பிறந்தது பென்னாகரம் பக்கம், வாழ்க்கைப்பட்டது மன்னார்குடியில். பிறந்த வீட்டில் காலையில் கூழ், இரவில் களி. விருந்தாளி வந்தால்தான் நெல்லுச் சோறு. இங்கே மூன்று வேளையும் அரிசி. இரண்டாவது பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் என் தட்டில் எது காணாமல் போனது என்று கணக்குப் பார்த்தேன். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் தேறினாலே அதிகம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்.

ஊர் மாறி வந்தவர்கள் முதலில் பழைய தானியத்தை ஒரு வேளைக்காவது திரும்பக் கொண்டுவாருங்கள். மாவாக வாங்காமல் தானியமாக வாங்கி முளைகட்டுங்கள். கேழ்வரகிலுள்ள பைட்டேட் என்ற பொருள் சுண்ணாம்பையும் இரும்பையும் உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஊறி முளைவிடும்போது அது குறையும். ஒரு படி கேழ்வரகை நான்கைந்து தண்ணீரில் கல் அரித்துக் கழுவி, இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் நீரை ஒட்ட வடித்து, வெள்ளைப் பருத்தித் துணியில் தளர்வாக முடிந்து தொங்கவிடுங்கள். இறுக்கிக் கட்டினால் நடுவில் சூடேறிப் புளித்த வாடை வந்துவிடும். துணி காயும்போதெல்லாம் தண்ணீர் தெளியுங்கள். மறுநாள் அவிழ்த்தால் செம்பழுப்பு மணிகளின் நுனியில் ஊசிமுனை போல வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும், அதுவே போதும். நிழலில் மொறுமொறுவென்று உலர்த்தி, மணம் வரும்வரை வறுத்து, மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். களி பிடிக்காத என் மாமியார்கூட இந்த மாவில் முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் போட்டு அடை தட்டினால் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

அடுத்தது, வந்த ஊரில் என்ன இருக்கிறது என்று தேடுவது. அரிசி ஊர் என்றால் சத்தில்லாத ஊர் என்று நான் நினைத்தது தவறு. சம்பா அறுவடையையொட்டி இங்கே வயலில் உளுந்தும் பயறும் தெளிப்பார்கள், எள்ளும் விளையும். தோலோடு கூடிய எள்ளில் 100 கிராமுக்கு 1000 மில்லிகிராமுக்கும் மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. வறுத்துப் பொடித்து, சோற்றில் ஒரு கரண்டி போட்டுப் பிசையுங்கள். வெற்றிலைக் கொடிக்காலில் கொடி படர நடும் அகத்தியின் கீரையில், கேழ்வரகைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கிறது. அரிசி களைந்த நீரில் வேகவைத்து, தேங்காய்ப் பால் சேர்த்தால் கசப்பு அடங்கும். பாலக்கீரையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்பை விடாது. மீன் சாப்பிடுகிறவர்கள் நெத்திலி வாங்கித் தலையைக் கிள்ளி முள்ளோடு தின்னுங்கள். சத்து முள்ளில் இருப்பதால் வஞ்சிரத் துண்டில் அது கிடைக்காது.

இரும்புச்சத்து விஷயத்தில் இந்த ஊர்ப் பழக்கம் ஒன்றோடு எனக்குச் சண்டையே உண்டு: சாப்பிட்ட கையோடு காப்பி. பெண்களுக்கு நாளுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும். கீரையில் வருவதைக் காப்பி பாதி வழியில் தடுத்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கீரையோடு எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள் அல்லது நெல்லிக்காய்ப் பச்சடி வையுங்கள்.

என் மகன் இப்போது கோத்தகிரியில் இருக்கிறான். மழை மண்ணிலிருந்து அயோடினை அரித்துக்கொண்டு போகும் மலைப்பகுதி அது. அவனுக்குச் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: அயோடின் கலந்த உப்பு என்று உறையில் பார்த்து வாங்கு, மூடிய டப்பாவில் வை, இறக்கும்போது போடு.

எதிர்த்திசையில், தருமபுரிப் பக்கம் குடிபோகிறவர்கள் தண்ணீரைக் கவனியுங்கள். அங்கே பல இடங்களில் நிலத்தடி நீரில் புளூரைடு அதிகம். என் அண்ணனின் பல்லில் அந்தப் பழுப்புக் கோடு இன்றும் இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் தெருவென்றால் குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடியுங்கள். ஆழ்துளைக் கிணறுதான் என்றால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள்: லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் வேண்டாம். காய்ச்சிக் குடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், நீர் சுண்டச் சுண்டப் புளூரைடின் செறிவு கூடத்தான் செய்யும்.