நான்கு வாக்கியம் போதும்: அறிவியல் வகுப்பில் இணையக் கருவிகளோடு வாசிப்பு

பேசும்போது "ஐஸ் கரைஞ்சு போச்சு" என்கிறோம். அறிவியல் பாடத்தில் அதே ஐஸ் உருகுகிறது, கரைவது சர்க்கரை. ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த மாதிரி இடத்தில்தான். 'ஒளிச்சேர்க்கை' போன்ற புதுச் சொல் வந்தால் நின்று அர்த்தம் கேட்பார்கள். எடை, வேலை, வெப்பம் எல்லாம் ஏற்கெனவே தெரிந்த சொற்கள் ஆயிற்றே, கேட்காமலே தாண்டிவிடுவார்கள். அவர்களை அங்கே நிறுத்துவதற்குத்தான் எனக்கு இணைய வாசிப்புக் கருவிகள் வேண்டும். ஒரு பாடவேளை, ஒரு சின்னப் பத்தி, இரண்டு இலவசக் கருவிகள் இருந்தால் தொடங்கிவிடலாம்.

படி 1: பத்தி

ஆங்கிலத்தில் நடத்துகிறவர்களுக்குத் தேர்வு நிறைய. நியூஸெலா என்ற தளம் ஒரே கட்டுரையை ஐந்து வாசிப்பு நிலைகளில் தருகிறது. ஃபிரன்டியர்ஸ் ஃபார் யங் மைண்ட்ஸ் என்ற இலவச இதழில் விஞ்ஞானிகள் எழுதுகிறார்கள். எழுதியதைப் படித்துக் குறை சொல்லித் திருத்தச் சொல்பவர்கள் சிறுவர்கள்! தமிழுக்கு, தேடி அலைவதைவிட நாமே எழுதிக்கொள்வது வேகமாக முடியும். நான் வைத்திருக்கும் பத்தி இது:

"நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. அதன் நிறை மாறுவதில்லை. ஆகவே அடர்த்தி குறைகிறது. பனிக்கட்டி நீரில் மிதக்கிறது."

இவ்வளவுதானா என்று தோன்றும். பாடவேளை முழுக்க இதிலேயே போய்விடும், பாருங்கள்.

படி 2: கூகுள் டாக்ஸில் ஏற்றுங்கள்

பத்தியை ஒட்டி, 'ஷேர்' பட்டனை அழுத்தி, இணைப்பு உள்ளவர்களுக்கு 'கமென்டர்' (குறிப்பு மட்டும் எழுதலாம்) அனுமதி கொடுங்கள். 'எடிட்டர்' வேண்டவே வேண்டாம். முதல் தடவை நான் எடிட்டர் என்று கொடுத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் பத்தியே காணோம், இருந்த இடத்தில் நாலு ஸ்மைலி. 'வெர்ஷன் ஹிஸ்டரி' இருந்ததால் பழையதை மீட்டேன்.

இணையப் பக்கத்தின் மேலேயே குறிப்பெழுத ஹைபோதிசிஸ் என்ற கருவி உண்டு. ஆனால் தனிக்குழு தொடங்கி, அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு எழுதாவிட்டால் பிள்ளைகளின் குறிப்பு ஊருக்கே தெரியும். தொடங்குபவர்களுக்கு டாக்ஸே போதும்.

படி 3: முதலில் காதால்

அதே பத்தியை இணையத்தில் இயங்கும் வேர்டில் ஒட்டி, 'வியூ' பகுதியில் உள்ள இம்மர்சிவ் ரீடரைத் திறங்கள். அது உரக்க வாசிக்கும். மற்ற வரிகளை மங்கலாக்கி ஒரு வரியை மட்டும் காட்டவும் செய்யும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு, எழுத்தோடு மல்லுக்கட்டாமல் விஷயத்தைப் பிடிக்க இது உதவும். ஒருமுறை கேட்டால் போதும்.

படி 4: குறிப்பெழுதுதல்

வகுப்பின் உயிர் இங்கேதான். "பிடித்ததைக் குறியுங்கள்" என்று சொன்னால் பத்தி முழுவதையும் மஞ்சளாக்கிவிடுவார்கள். அதனால் மூன்று வேலைகள் மட்டும் கொடுங்கள்.

ஒன்று, பாடத்துக்கு வெளியே வேறு அர்த்தம் தரும் சொல்லைக் கண்டுபிடித்து, இரண்டு அர்த்தத்தையும் கமென்டில் எழுத வேண்டும். 'அடர்த்தி' என்றால் அடர்த்தியான முடி வரும், அடர்ந்த காடு வரும். 'நிறை' என்றால் நிறைகுடம் வரும். வரட்டும். அது எழுத்தில் வந்தால்தானே, இங்கே நிறை என்பது ஒரு பொருளில் உள்ள பருப்பொருளின் அளவு என்று பிரித்துக் காட்ட முடியும்.

இரண்டு, எண்ணுக்கு ஒரு கணக்கு. 100 மில்லி நீர் உறைந்தால் எவ்வளவு ஆகும்? ஏறத்தாழ 109 மில்லி. நிறையோ அதே 100 கிராம். நூறை நூற்றொன்பதால் வகுத்தால் சுமார் 0.92. நீருக்கு 1. இப்போது 'அடர்த்தி குறைகிறது' என்ற வரி வெறும் வரியாக இருக்காது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: 'ஆகவே' என்ற சொல்லில் ஒரு கமென்ட். அது எதையும் எதையும் இணைக்கிறது? "ஐஸ் லேசாகிவிட்டது, ஆகவே மிதக்கிறது" என்று யாராவது கட்டாயம் எழுதுவார்கள். உடனே திருத்திவிடாதீர்கள். "எந்த வாக்கியத்தில் அப்படி இருக்கிறது?" என்று மட்டும் பதில் கமென்ட் போடுங்கள். பிள்ளை திரும்பிப் போய்ப் பார்த்தால், நிறை மாறவில்லை என்று இரண்டாவது வாக்கியம் சொல்லிக்கொண்டிருக்கும். வாசிப்பு என்று நான் சொல்வது இப்படித் திரும்பிப் போவதைத்தான்.

ஆளுக்கொரு கணினி இல்லையா? திரையில் போட்டு, சொல்லச் சொல்ல நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

படி 5: எழுதச் சொல்லுங்கள்

கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஒரே கேள்வி: விளிம்பு வரை நீர் நிரப்பி மூடிய கண்ணாடி பாட்டிலை ஃப்ரீசரில் வைத்தால் ஏன் உடைகிறது? பதிலில் பத்தியிலிருந்து ஒரு சான்றும், ஓர் 'ஆகவே'யும் இருக்க வேண்டும். திருத்தும்போது எழுத்துப்பிழையை இந்த ஒருமுறை விட்டுவிட்டு, அந்த 'ஆகவே'க்கு முன்னால் என்ன இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். அங்கே கன அளவு இருந்தால் பத்தியைப் படித்திருக்கிறார்கள். 'குளிர்' என்று மட்டும் இருந்தால், அடுத்த வகுப்பிலும் இதே நான்கு வாக்கியம்தான்.