ஃப்ரீஐபிஏ நிறுவ முன் தாளில் எழுதி முடிக்க வேண்டியவை

மட்டக்களப்பில் பத்து இருபது கணினி வைத்திருக்கும் கந்தோர்களில் அடிக்கடி காணும் நிலை இது: கணினிக்கு ஒரு கணக்கு, எல்லோருக்கும் தெரிந்த ஒரே கடவுச்சொல், வேலையை விட்டுப் போனவரின் கணக்கு இன்னும் திறந்தபடி. லினக்ஸ் ஓடும் இடங்களில் இதற்கு ஃப்ரீஐபிஏ நல்ல தீர்வு: எல்லோரின் கணக்கையும் ஒரே சேர்வரில் வைத்து நடத்தும் மென்பொருள் அது. பயனர் விவரத்தை வைத்திருக்கும் 389 டைரக்டரி சேர்வர், உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பரோஸ், சான்றிதழ் வழங்கும் டாக்டேக், கணினிப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ்ஸுக்கு பைண்ட் எல்லாம் ஒரே பொதியில் வருகின்றன. உங்கள் கணினிகள் பெரும்பாலும் விண்டோஸ் என்றால் இதைத் தொட வேண்டாம், விண்டோஸ் கணினிகளுக்கு இதே வேலையைச் செய்யும் சம்பா ஏடி பக்கம் போங்கள்.

நிறுவும் கட்டளை கேள்விகளைக் கேட்டு, மிச்சத்தைத் தானே செய்துவிடும். ஆனால் சில பதில்களைப் பிறகு மாற்ற வழியில்லை. அழித்துவிட்டுத் திரும்பப் போட வேண்டியதுதான். அதனால் முதலில் ஒரு தாளும் பேனையும்.

1. சேர்வர்

ராக்கி அல்லது அல்மா லினக்ஸ், புதிதாகப் போட்டது, 4 ஜிபி ராம், மாறாத ஐபி முகவரி. டாக்டேக் ஜாவாவில் ஓடுவதால் ராமில் கஞ்சத்தனம் வேண்டாம். 80, 443 போர்ட்களை ஃப்ரீஐபிஏ எடுத்துக்கொள்ளும், ஆகவே அதே சேர்வரில் வேறு வெப்சைட் வைக்காதீர்கள். மெய்நிகர் கணினியாக வைப்பதே எனக்குப் பிடித்த வழி. நிறுவ முன் ஒரு ஸ்னாப்ஷொட் (திரும்பிப் போகக்கூடிய அப்போதைய நிலையின் பிரதி) எடுத்துவிட்டால் பயமில்லாமல் பழகலாம்.

2. டொமைன் பெயர்

இங்கே அவசரப்படாதீர்கள். இந்தப் பெயரையே பெரிய எழுத்தில் எழுதிக் கெர்பரோஸ் ரெல்ம், அதாவது கெர்பரோஸ் ஆளும் எல்லையின் பெயர், ஆக்குவது வழக்கம். ரெல்மைப் பின்னால் மாற்றவே முடியாது.

உங்கள் நிறுவனத்தின் வெப்சைட் 'நிறுவனம்.எல்கே' என்று வைத்துக்கொள்வோம். அதே பெயரை ஃப்ரீஐபிஏக்கும் கொடுத்தால், உள்ளே இருக்கும் கணினிகளுக்கு அந்தப் பெயருக்குப் பொறுப்பு உங்கள் சேர்வர்தான். வெளியில் இருக்கும் வெப்சைட்டின் முகவரி அதற்குத் தெரியாது. ஊரெல்லாம் வெப்சைட் திறக்கும், கந்தோருக்குள் மட்டும் திறக்காது. மின்னஞ்சலுக்கும் இதே கதி. 'உள்.நிறுவனம்.எல்கே' மாதிரி ஒரு துணைப்பெயர் எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை. '.லோக்கல்' என்று முடிக்கவும் வேண்டாம். அது எம்டிஎன்எஸ்ஸுக்கு (சேர்வர் இல்லாமல் கணினிகள் ஒன்றையொன்று பெயரால் தேடும் முறை) ஒதுக்கப்பட்டது, மோதும்.

சேர்வரின் பெயரும் முழுப்பெயராக இருக்க வேண்டும்: 'ஐபிஏ1.உள்.நிறுவனம்.எல்கே'. ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்தப் பெயர் உண்மையான ஐபிக்கு நேரே இருக்கட்டும், கணினி தன்னையே குறிக்கும் 127.0.0.1க்கு நேரே வேண்டாம்.

3. டிஎன்எஸ் யார் கொடுப்பது?

சாதாரணமாக இன்டர்நெட் ரவுட்டர், கணினிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபி வழியாகத் தன்னையே டிஎன்எஸ் என்று கணினிகளுக்குச் சொல்லும். அப்படியே விட்டால் கணினிகளால் ஃப்ரீஐபிஏயைத் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. ரவுட்டரின் டிஎச்சிபி அமைப்பில் ஃப்ரீஐபிஏ சேர்வரின் முகவரியைக் கொடுங்கள். ஃப்ரீஐபிஏயில் வெளிப் பெயர்கள் பற்றிய கேள்விகளுக்கு ஒரு ஃபோர்வர்டர் (கேள்வியை அனுப்பிப் பதில் வாங்கும் வெளி டிஎன்எஸ் சேர்வர்) வையுங்கள். சில ரவுட்டர்களில் அந்த இடத்தை மாற்றவே விடமாட்டார்கள்; அங்கே ரவுட்டரின் டிஎச்சிபியை நிறுத்திவிட்டு வேறொரு சேர்வரில் அதை ஓட்டலாம்.

4. நேரம்

சேர்வருக்கும் கணினிக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் கெர்பரோஸ் டிக்கெட், அதாவது உள்நுழைவு அனுமதி, தராது. கரண்ட் போய் வந்ததும் பழைய கணினிகளின் கடிகாரம் எங்கேயோ போய் நிற்கும், போர்டில் உள்ள சின்ன பட்டரி செத்திருப்பதால். விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினியில் இன்னொரு சிக்கல்: விண்டோஸ் இலங்கை நேரத்தைக் கடிகாரத்தில் எழுதும், லினக்ஸ் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று வாசிக்கும், ஐந்தரை மணி நேரம் தவறும். சேர்வரில் நேரத்தைச் சரியாக வைக்கும் குரோனி போட்டு, இன்டர்நெட் அறுந்தாலும் கந்தோர்க் கணினிகளுக்கு அதுவே நேரம் கொடுக்கும்படி அமையுங்கள். அப்புறம் சேர்வருக்கு ஒரு யூபிஎஸ். வெள்ளம் ஏறும் இடமென்றால் மேல் மாடி.

5. ஆட்களின் பெயர்

வெளிநாட்டு வழிகாட்டிகள் இதைப் பேசுவதே இல்லை. ஃப்ரீஐபிஏ முதற்பெயர், கடைசிப்பெயர் இரண்டையும் கட்டாயம் கேட்கும். நமக்குக் குடும்பப்பெயர் இல்லை, தகப்பன் பெயர் முன்னெழுத்தாக நிற்கும். தகப்பன் பெயரைக் கடைசிப்பெயர்க் கட்டத்தில் போடுவது என்று முடிவெடுத்து எல்லோருக்கும் அதையே செய்யுங்கள். உள்நுழையும் பெயருக்குத் தமிழ் எழுத்து ஏற்காது, ஆங்கில எழுத்துத்தான். சந்திரனை ஒருவர் 'டிஎச்' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'டி' மட்டும் போடுவார். அடையாள அட்டையில் உள்ளபடி எடுத்தால் வாக்குவாதம் வராது. முகம்மது என்று தொடங்கும் பெயர்கள் நாலைந்து இருக்கும் இடத்தில், கூப்பிடும் பெயரை முன்னால் வைத்து முன்னெழுத்துகளைப் பின்னால் சேருங்கள்.

6. இரண்டாவது சேர்வர்

ஒரே சேர்வரோடு நிற்காதீர்கள். அது விழுந்தால், ஒரு கணினியில் முன்பு உள்நுழைந்திராத யாரும் அதில் உள்நுழைய முடியாது. ரெப்ளிகா (அந்த இரண்டாவது பிரதிச் சேர்வர்) போடும்போது சான்றிதழ்ச் சேவையும் டிஎன்எஸ்ஸும் தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும். இரண்டையும் கேளுங்கள்.

பின்சேர்க்கை: கல்முனையில் இருந்து ஒரு தம்பி, எல்லாம் சரியாகச் செய்தும் நிறுவல் தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தார். ஐபி முகவரியின் புதிய வடிவமான ஐபிவி6ஐ முழுதாக அணைத்து வைத்திருந்தார். உங்கள் வலையமைப்பில் ஐபிவி6 பாவனையில் இல்லாவிட்டாலும் சேர்வரின் கேர்னலில் அது இயங்க வேண்டும், லூப்பேக்கில் (கணினி தன்னோடு தானே பேசும் உள் இணைப்பு) '::1' முகவரி இருக்க வேண்டும். அதைத் திறந்துவிட்டதும் அவருக்கு வேலை முடிந்தது.